பதினேழு பாகத்தில் தண்ணீர்

நான் சேலத்துக்காரி. மலை தெரியும், கல் தெரியும், கடல் தெரியாது. பிறந்ததிலிருந்தே தூத்துக்குடி எனக்கு வெளியூர்தான். பதினெட்டு வருஷம் ஐரோப்பாவின் நடுவில் ஒரு குளிர்ப் பிரதேசத்தில் குடித்தனம் நடத்திவிட்டு வந்து இறங்கினால் வெளிநாடாகவே ஆகிவிட்டது. விமான நிலையக் கதவைத் தாண்டியதுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, எதிரே நின்ற ஆளே தெரியவில்லை. "கழட்டிட்டு நடங்க மேடம், நாலு நாள்ல பழகிரும்" என்றார் டாக்ஸிக்காரர். எனக்கு மொத்தமே நாலு நாள்தான்.

வந்த காரியம் இது. நான் குடியிருக்கும் அந்த ஐரோப்பிய ஊரை ஒட்டி மூடிப்போன ஒரு யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. அணு உலையில் எரிந்து மிஞ்சிய கழிவை அதற்குள் ஆழத்தில் புதைத்துவிடலாமா என்று பத்து வருஷமாகப் பார்க்கிறார்கள். குழி ஏற்கெனவே தோண்டியாகிவிட்டதே, புதிதாக எதற்குத் தோண்ட வேண்டும் என்ற கணக்கு. நான் நிலவியல் படித்தவள். என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பாறைக்குள் தண்ணீர் நடமாடுகிறதா, இல்லையா? நடமாடினால், புதைத்தது என்றைக்காவது ஊர்க் கிணற்றுக்கு வந்துசேரும்.

எல்லாச் சோதனையும் 'இல்லை' என்று சொல்லிவிட்டது. ஒரு பழைய குறிப்பு மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. சுரங்கத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிறைந்த ஆழமான கிணறு ஒன்று உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அதில் ஒரு பம்பு சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க, வளைகுடாவில் தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்துகொண்டிருந்த குளியாள் ஒருவரை வரவழைத்தார்கள். லூர்து, தூத்துக்குடிக்காரர். மேலே வந்தவர், 'பதினேழு பாகத்தில் சுவர் வெடிப்பிலிருந்து குளிர்ந்த தண்ணீர் தள்ளுகிறது' என்றாராம். அன்றைக்கு ஆழமானி வேறு கெட்டுப்போயிருந்தது. பாகம் என்றால் கையிரண்டையும் விரித்த அகலம், கப்பல்காரர்கள் கணக்கில் ஆறடி. பெருக்கிப் பார்த்து, முப்பத்தொரு மீட்டரில் பக்கச் சுரங்கத்திலிருந்து துளை போட்டார்கள். இறுகிய பாறை. ஒரு சொட்டு இல்லை. ஆழத்தில் மூளை கலங்கி உளறியிருக்கிறார் என்று முடிவு செய்து ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் வரைவு அறிக்கையில் நானும், 'குளியாளின் கூற்று நம்பத்தக்கதல்ல' என்று எழுதிவைத்தேன். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலதிகாரிக்கு அது போதவில்லை. 'நான் நினைத்தது தவறாக இருக்கலாம்' என்று அந்த ஆளிடமே ஒரு கையெழுத்து வாங்கி வா, கோப்பை மூடிவிடலாம் என்றார். அந்தக் காகிதத்தோடுதான் வந்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் பசி வயிற்றைக் கிள்ளியது. இங்கே பரோட்டாவை எண்ணெயில் போட்டுப் பொரித்து, கையால் நொறுக்கி, மேலே சால்னாவைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். எங்கள் ஊர் ரொட்டி கல்லு மாதிரி இருக்கும். கல் எனக்குத் தொழில் என்பதால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறேன். இங்கே மூன்றாவது பரோட்டாவில் கண் கலங்கிவிட்டது. காரம்தான், வேறொன்றுமில்லை.

அங்கே பக்கத்து மேசைக்காரர் பத்து வருஷமானாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். இங்கே கல்லாவில் இருந்த அண்ணாச்சி, இலை போடுவதற்குள் கேட்டுவிட்டார். "யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?"

"திரேஸ்புரம். லூர்துன்னு ஒருத்தர். முன்ன சங்குகுளிக்குப் போனவர்."

அண்ணாச்சி பரோட்டாக் கல் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார். "ஏலே, பதினேழைத் தேடி வந்திருக்காவடே!" அங்கே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து விளக்கினார். "அவன் வெளிநாட்டுல ஒரு குழிக்குள்ள எறங்கி, பதினேழு பாகத்துல பாறை தண்ணி விடுதுன்னு சொல்லியிருக்கான். அங்கன உள்ளவன் வெரட்டிட்டான். அன்னையிலேருந்து இங்கன அவன் பேரே பதினேழுதான். நல்ல மனுசன் பாத்துக்கிடுங்க. ஆனா அந்தப் பேச்ச மட்டும் விடமாட்டான்." அன்போடு இன்னொரு கரண்டி சால்னா ஊற்றினார். மிச்சத்தை என்னால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை திரேஸ்புரம். லூர்துக்கு ஆறடிக்கு மேல் உயரம். வாசல்நிலையில் தலை தட்டாமல் குனிந்து வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இப்போது உப்பளத்தில் காவல் வேலை. ஒன்பது வருஷமாகக் கடலில் இறங்குவதே இல்லை என்றார் அவர் மனைவி பிரகாசி. ஏன் என்று கேட்டேன். மீன் கழுவக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் லூர்து முகம் மலர்ந்தது. எனக்கு அதுவே முள்ளாகக் குத்தியது. "அங்கன இப்ப பனி பெய்யுதா மேடம்? சொரங்கத்துக்கு வெளிய ஒரு ரொட்டிக்கடை உண்டு. தடிச்ச ஒரு அம்மா. இருக்காவளா?"

"இருக்காங்க. அவங்ககிட்டதான் நானும் ரொட்டி வாங்கறேன்."

"சேசுவே! இருக்காவளா! எனக்கு அவுக பாஷையும் தெரியாது, அவுகளுக்கு என் பாஷையும் தெரியாது. ரெண்டு பன்னை எடுத்துக் கையில திணிச்சு, கைய மூடிவிடுவாவ. அவுக கெணறு அந்தக் குழிக்குப் பக்கத்துலதான் மேடம். அதுக்காவத்தான் நான் அன்னைக்கு அப்படிக் கத்துனேன்."

இப்படிப் பேசுகிற மனுஷரிடம் காகிதத்தை எப்படி நீட்டுவது? நீட்டினேன். அதற்குத்தானே வந்தேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"நீங்க அன்னைக்கு நினைச்சது தப்பா இருக்கலாம்னு."

"அப்பம், பொய் சொன்னேன்னு." சத்தம் போடவில்லை. காகிதத்தை முழங்காலில் வைத்துத் தடவினார். "தொட்டேன் மேடம். இந்த வெரல வச்சேன். ஐஸ் மாதிரி தண்ணி, வெரலத் தள்ளுது. கயித்த ரெண்டு இழுப்பு இழுத்தேன். இழுத்த எடத்துக்கு அடையாளமா கயித்துல துணி கட்டியாச்சு. மேல வந்து எண்ணிப் பாத்தா பதினேழு பாகம். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

எனக்கு முன்கோபம் அதிகம், அதிலும் மனசாட்சி குத்தும்போது இன்னும் அதிகம். "சரி, அளந்தே பார்த்துடலாம்" என்று பையிலிருந்த அளவு நாடாவை எடுத்தேன். சுவரோரம் நின்று கையை விரித்தார். ஒரு முனை முதல் மறுமுனை வரை ஆறடி ஓரங்குலம். பதினேழால் பெருக்கினால் முப்பத்தொரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. துளை போட்டது சரியாக அந்த இடத்தில்தான், மேலே ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் சேர்த்து. அதையும் சொன்னேன்.

விரித்த கைகளைக் கீழே போட்டார். "அப்பம் நாந்தான் கெனாக் கண்டிருக்கேன். பேனா குடுங்க."

ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் மட்டும் வரவில்லை. காகிதத்தில் பேனா முனை பட்ட நேரம், கையில் மீன் செதிலோடு பிரகாசி வெளியே வந்தார்.

"கயித்த எண்ணுனது நீங்களா?"

"நீ உள்ள போ."

"போவமாட்டேன். தண்ணிக்குள்ள கெடந்த ஆளு கயித்த எப்படி எண்ணும்? எண்ணுனது எங்கண்ணன்லா! அவன் பேரச் சொல்லக்கூடாதுன்னு வாயப் பூட்டிக்கிட்டு, பொய்யன்னு கையெழுத்தும் போடப் போறியளா?"

லூர்து பேனாவை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். மிச்சத்தைப் பிரகாசிதான் சொன்னார். குளியாள் இறங்கும்போது படகில் கயிறு பிடிக்கிறவர் மச்சானாக இருக்கவேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். "தங்கச்சி தாலி அவன் கையிலல்லா இருக்கு. ஒறங்குவானா? வேற எவனும் பீடி குடிச்சிட்டு நிப்பான்." பிரகாசியின் அண்ணன் இன்னாசிதான் இருபது வருஷம் லூர்துக்குக் கயிறு பிடித்தவர். வளைகுடாவுக்கும் சேர்ந்தே போனார்கள், எங்கள் சுரங்கத்துக்கும் சேர்ந்தே வந்தார்கள். லூர்து தண்ணீர் இருக்கிறது என்று சொன்னபோது, 'தண்ணீர் தள்ளிய இழுப்பு கயிற்றில் தெரிந்ததா?' என்று மேற்பார்வையாளர் இன்னாசியைக் கேட்டார். இன்னாசி தெரியாது என்றுவிட்டார். லூர்து ஊருக்கு வந்தார். இன்னாசி இன்னும் நாலு வருஷம் வளைகுடாவில் இருந்தார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. வேறு யாரையும் கயிறு பிடிக்க விடமாட்டேன் என்று லூர்து கடலையும் விட்டுவிட்டார்.

"நடுவுல நான் கெடந்து சாவுதேன்" என்றார் பிரகாசி. "நாளைக்கு ஆலந்தலைக்குப் போவோம், எங்கண்ணன் அங்கனதான் இருக்கான். அந்தப் பய கையையும் அளங்க மேடம்."

மூன்றாம் நாள் கிளம்பினோம். காயல்பட்டினம் வந்ததும் பேருந்து இரண்டு தும்மல் போட்டு நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்தோம். குறுக்கு வழி என்று ஒரு சந்துக்குள் விட்டார் ஓட்டுநர். எதிரே மூன்று பேர் உட்கார்ந்த ஒரு ஸ்கூட்டர். யாரும் பின்வாங்குவதாக இல்லை. "துபாயில நாப்பது அடி ட்ரெய்லர் ஓட்டுனவன் நான், இந்தத் தெருவுலதான் மாட்டிக்கிடுதேன்" என்று அலுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அடுத்தவர் வாசலில் கால் மணி நேரம் நின்றால் போலீஸுக்குப் போன் போட்டுவிடுவார்கள். இங்கே ஒரு வீட்டுக் கதவு திறந்தது. முக்காடு போட்ட ஒரு அம்மா, அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடாவை ஒரு தட்டில் நீட்டி, "சண்ட முடியுற வரைக்கும் சாப்பிடுங்க" என்றார். எனக்கு இரண்டு, பிரகாசிக்கு இரண்டு, ஸ்கூட்டர்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. தின்று முடித்ததும் ஸ்கூட்டர் தானாகப் பின்னால் போனது.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி போன் செய்தார். "கையெழுத்து வாங்கியாகிவிட்டதா?" என்று அவர் பாஷையில் கேட்டார். "இன்னும் ஒருவரை அளக்க வேண்டியிருக்கிறது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஆலந்தலைக் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மனிதர் எழுந்து நின்றதும் என் கை தானாகப் பையிலிருந்த நாடாவைத் தேடியது. அவர் தலை என் காது உயரத்துக்குத்தான் வந்தது. இன்னாசி என்னைப் பார்க்கவேயில்லை. தங்கையைப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப் போனார்.

"ஏளா பிரகாசி... மாப்ளைக்கு என்னமும்...?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. உன்ன மாதிரி மச்சான் வாய்ச்சும் நல்லாத்தான் இருக்காரு."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பி நிறுத்தி, வந்த விஷயத்தைச் சொல்லி, ஒரு கயிற்றைக் கொடுத்துப் பதினேழு பாகம் எண்ணச் சொன்னேன். கையை விரித்து விரித்து எண்ணினார். நாடாவை வைத்து அளந்தேன். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தேன். இருபத்தேழு மீட்டர்கூட முழுசாக இல்லை. நாங்கள் துளை போட்ட இடத்துக்கு நாலு மீட்டருக்கு மேலே.

"ஒங்க பாகம் ஆறடி இல்லைன்னு அங்கே யாருகிட்டயும் சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்?" இன்னாசி உண்மையாகவே விழித்தார். "மாப்ளைக்குத் தெரியுமே. என் கைக்கு எத்தனையோ அத்தனைதான் எங்க வள்ளத்துல பாகம். இருவது வருசமா அதான் கணக்கு."

கடலில் அது பிசகே இல்லை. கணக்குச் சொல்கிறவரும் கேட்கிறவரும் மச்சான்மார். வேறு யாருக்காவது அதை எழுதிக் கொடுத்தால்தான் வம்பு. மேற்பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டு ஆறால் பெருக்கினார். படித்துப் பட்டம் வாங்கிய நானும் ஆறால் பெருக்கினேன். சொந்தத் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

"தண்ணி தள்ளுன இழுப்பு கயித்துல தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

இன்னாசி தங்கையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "தெரிஞ்சுது. ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு நின்னுச்சு. மறுமாசம் விசா முடியுது. எதுத்துப் பேசுனா ரெண்டு பேரையும் அனுப்பிருவாம்னு பயந்து தெரியாதுன்னுட்டேன். பெறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?"

"இந்த மூஞ்சியத்தான் வச்சிக்கிட்டு நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாரே" என்றார் பிரகாசி. "வரலன்னா நானே வந்து கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவேன்."

நாலாம் நாள் காலை இன்னாசி வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. லூர்து நாற்காலியை விட்டு எழவுமில்லை.

லூர்து பக்கம் திரும்பி நான்தான் முதலில் பேசினேன். சுரங்க அறிக்கையில் அவரை நம்பத்தக்கவரல்ல என்று எழுதிய கை என்னுடையது என்று சொன்னேன். நேரில் பார்க்காத ஒரு ஆளைப் பற்றி அப்படி எழுதியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். லூர்து தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். பிறகு என் கையிலிருந்த நாடாவை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"கைய விரியும்வே" என்றார். இன்னாசி விரித்தார். லூர்து தன் கையாலேயே அளந்து, எண்ணைக் கண்ணருகே வைத்துப் படித்தார். ஐந்தடி இரண்டங்குலம். குபீரென்று சிரித்துவிட்டார். "சேசுவே! இந்தக் கட்டக் கைய நம்பியா இருவது வருசம் எறங்குனேன்!" இன்னாசியும் சிரித்தார். பிரகாசி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். லூர்து நாடாவைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "கை கட்டையா இருந்ததுக்கு நீரு என்ன செய்வீரு மச்சான். அன்னைக்கு வாயத் தொறக்கலியே. அதத்தான் தாங்க முடியல." செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இன்னாசியும் பேருந்து நிலையம் பக்கம் நடந்தார்.

எனக்கு அன்று மாலை விமானம். பிரகாசி ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வைத்திருந்தார், கூடவே சோறும் சீலா மீன் குழம்பும். "இன்னொரு துண்டு வைக்கட்டா ஏளா?" என்றார். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்தில்லாத காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுபடி துளை போட மேலதிகாரியைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆயிற்று. என்ன திட்டு, என்ன கேலி! ஒரு மீனவரின் கை நீளத்தை நம்பியா இயந்திரத்தை இறக்குவது என்று கூட்டத்தில் வைத்தே கேட்டார். அந்தக் கையை நானே அளந்தேன் என்றேன். அதே பக்கச் சுரங்கத்திலிருந்து, நாலு மீட்டர் மேலே துளைத்தார்கள். பாதி நாள் வெறும் பாறைத்தூள் வந்தது. பிறகு குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்தேன். விரல் விறைத்துப்போனது, தண்ணீர் அதைத் தள்ளவும் செய்தது. பாறைக்குள் எங்கிருந்தோ வருகிறது, எங்கேயோ போகிறது. இந்த இடம் வேண்டாம் என்று அன்றைக்கே எழுதினேன். இதை முதலில் கண்டுசொன்னவர் இன்னார் என்று லூர்து பெயரையும், கயிற்றை எண்ணியவர் இன்னார் என்று இன்னாசி பெயரையும் எழுதினேன்.

அனுப்பிய கையோடு தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். பிரகாசிதான் எடுத்தார். "அவுக இல்லியே. கடலுக்குப் போயிருக்காவ."

"கடலுக்கா?"

"ஆமா, சங்குக்குத்தான். போன திங்கக்கெழமையிலேருந்து போறாவ."

"கயிறு யாரு பிடிக்கறது?"

"எங்கண்ணந்தான். வேற யாரு கையில குடுப்பாவ?"

போன திங்கட்கிழமை இங்கே இயந்திரமே வந்து இறங்கவில்லை. "நான் இன்னும் அவர்கிட்ட எதுவுமே சொல்லலையே!" என்றேன்.

"நீ என்னத்தச் சொல்லணும்? அவருதான் காலையில எந்திரிச்சு, அவராவே போனப் போட்டு, 'மச்சான், வாரீரா?'ன்னாரு. எங்கண்ணன் மொத பஸ்ஸுல வந்து நிக்கான்."

பிறகுதான் தண்ணீர் வந்ததைச் சொன்னேன். பெயர் எழுதியதைச் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் கர ஏறட்டும். நீயே சொல்லு ஏளா, நான் சொன்னா அழுதுருவேன்" என்றார் பிரகாசி, அழுதுகொண்டே.